மறையாத தட்டு

ஒஸ்லோ வானத்தில் ஆண்ட்ரோமெடா விண்மீன் பேரடை அடிவானத்தில் மறைவதே இல்லை. ஊர் அவ்வளவு வடக்கே இருக்கிறது. நிலவில்லாத குளிர்கால இரவில், நகர வெளிச்சத்தைத் தாண்டி நூர்மார்க்கா காட்டுக்குள் நின்று கண் இருளுக்குப் பழகினால், உச்சிக்கு அருகே மங்கிய வெண்திட்டாகத் தெரியும். சுமார் 25 லட்சம் ஆண்டுப் பழைய ஒளி, வெறும் கண்ணுக்கே!

இத்தகைய தட்டு வடிவச் சுருள் பேரடைகளைப் படம் பார்த்து வகை பிரிப்பது அலாதியான கலை. நடுப்புடைப்பு பெருத்து, சுருள் கைகள் கைமுறுக்கு போல இறுகச் சுற்றியிருந்தால் 'எஸ்ஏ'. புடைப்பு சிறுத்து, கைகள் தளர்ந்து, இளநீல விண்மீன் கொத்துகள் திட்டுத்திட்டாய்ச் சிதறியிருந்தால் 'எஸ்சி'. ஆண்ட்ரோமெடா இடைப்பட்ட 'எஸ்பி'. மையத்தின் குறுக்கே ஒளிப்பட்டை ஓடினால் தனிக் குடும்பம். நம் பால்வீதி அதில் சேர்த்தி. பக்கவாட்டில் சாய்ந்த தட்டுகளில்தான் பொறுமை வேண்டும். கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். தூசிக்கோடுகளைப் பிடித்துக்கொண்டே கைகளின் சுற்றைத் தேடவேண்டும். பழகிய கண் அதையும் கண்டுபிடித்துவிடுகிறது.