பெயர்க்க முடியாத அழகு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒரு செட்டிநாட்டு வீடே துண்டு துண்டாக விலைக்குக் கிடக்கிறது. கஜலட்சுமி செதுக்கிய நிலை, இரட்டைக் கதவு, பர்மாத் தேக்குத் தூண், தூணின் தலையில் இருந்த போதிகை, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், பித்தளை அண்டா. எல்லாம் லாரியில் ஏறிவிடும். சென்னையிலோ பெங்களூரிலோ கட்டப்படும் புது வீட்டு வரவேற்பறையில் போய் நின்றும்விடும்.

ஏறாதது சுவர். மச்சின் மேல் கெட்டித்திருக்கும் காரையும் ஏறாது. மழைத்தண்ணீர் இறங்கிய வழியும், முகப்பிலிருந்து கொல்லைவாசல் வரை ஒரே கோடாக விழுந்த வெளிச்சமும் அப்படித்தான். வீட்டை இடிக்கிறபோது இவற்றுக்கு விலை பேச ஆள் கிடையாது. செங்கல் கட்டியாகவும் சுண்ணாம்புத் தூளாகவும் ஏதோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போகின்றன. அந்த வீடுகளின் ஆக உயர்ந்த நயம் இப்படிப் பெயர்க்க முடியாமல் போனவற்றில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. செதுக்கலைப் பற்றி எல்லோரும் நிறையவே பேசியாயிற்று. நான் பூச்சைப் பற்றிப் பேசுகிறேன்.

சித்திரை வெயிலில் தெருவில் நடந்துவிட்டு உள்ளே வந்து, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவின் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முதலில் குளிர்ச்சி தெரியும். அடுத்த கணம் வழவழப்பு. பளிங்கின் வழவழப்பில் ஒரு வழுக்கல் உண்டு. இதில் அது இல்லை. முட்டை ஓட்டின் உட்புறத்தைத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு மென்மை. கண்ணைச் சுவரோடு ஒட்டிவைத்து ஓரமாகப் பார்த்தால் எதிர்ப்புறத் தூண்களின் நிழல் அதில் மங்கலாக மிதப்பது தெரியும். மேலே வண்ணம் எதுவும் பூசியதில்லை. வெண்மை, பூச்சின் சொந்த நிறம்.

இந்த மென்மைக்குப் பின்னால் அடுக்கடுக்காக வேலை இருக்கிறது. செங்கல் மேல் முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த முரட்டுப் பூச்சு. அதன் மேல் சலித்த மணலில் இன்னொன்று. பிறகு மணலைக் குறைத்துக்கொண்டே, மாவாக அரைத்த சாந்தில் மெல்லிய படலங்கள். கடைசிப் படலத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேரும். கடுக்காயை வெல்லத்தோடு நாள்கணக்கில் ஊறப்போட்டு, புளித்த அந்தத் தண்ணீரைச் சாந்தில் விட்டுப் பிசைவார்கள். கைப்பக்குவம் கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். சிலர் தயிரும் சேர்ப்பதுண்டு. கடுக்காயின் துவர்ப்பும் வெல்லமும் சாந்து சீராக இறுகத் துணை நிற்க, வெள்ளைக் கரு மேற்பரப்பைச் செறிவாக்கி மெருகு கொடுக்கிறது.

இதில் மிக அழகான கட்டம் தேய்ப்பதுதான். ஒரு படலத்தின் ஈரம் முழுக்கப் போவதற்குள் அடுத்தது ஏற வேண்டும் என்பதால் பெரிய சுவரைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போக முடியாது. பல கைகள் சேர்ந்து ஒரு சுவரை ஒரே மூச்சில் முடிக்கும். கடைசிப் படலம் இறுகும் பக்குவத்தில் வழவழப்பான கல்லால் தேய்க்கத் தொடங்குவார்கள். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும். உள்ளிருந்து பூத்துவரும் அந்த ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்ப்பார்கள். சுவர் வியர்வையை நிறுத்தும்வரை இது நடக்கும். மெட்ராஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் இந்தச் சுண்ண வேலையைப் பளிங்கு என்றே மயங்கி ஊருக்கு எழுதினார்கள். மயங்கியதில் வியப்பில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீற்றி, பூசிய பிறகு அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மீண்டும் கல்லாகவே மாறுகிறது. நூறாண்டு நின்ற சுவர், பூசிய நாளில் இருந்ததைவிட இன்று கல்லுக்கு நெருக்கமானது.

பழைய வீட்டைக் கையில் எடுப்பவர் முதலில் உணர வேண்டியது இந்தச் சுவரின் இன்னொரு இயல்பை. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரமும் மழையில் குடித்த ஈரமும் பூச்சின் வழியே காற்றில் போய்விடும். அடியில் கொஞ்சம் பொரிந்திருக்கிறது என்று அந்த இடத்தை மட்டும் கொத்திவிட்டுச் சிமெண்டுப் பூச்சு வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். அதோடு உப்பும் ஏறும். சிமெண்டு நிற்கும், அதற்கு மேலுள்ள நல்ல பூச்சு உதிரும். பார்க்கிறவர் “பழைய சுவரு, தாங்கலை” என்பார். இன்னும் கொஞ்சம் மேலே கொத்தி மறுபடி சிமெண்டு வைப்பார்கள். இப்படிச் சில ஆண்டுகளில் ஒரு முழுச் சுவரின் மெருகே போன வீடுகள் உண்டு. அவ்வளவுக்கும் காரணம் அக்கறையின்மை இல்லை. அக்கறையோடு செய்த வேலைதான். அதனால்தான் அதைப் பார்க்கும்போது மனம் கூடுதலாக வலிக்கிறது.

மேலே மச்சுக்குப் போவோம். தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திக் கோணல்வாக்கில் சாந்து வைத்து அடுக்குவது மெட்ராஸ் டெரஸ் முறை. அதன் மேல் உடைத்த செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த காரை. அந்தக் காரையைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். இடையிடையே கடுக்காய்த் தண்ணீர் தெளிப்பார்கள். போதும் என்று சொல்வதற்கு மேஸ்திரி வேண்டியதில்லை, கட்டையே சொல்லும். இளங்காரையில் அது பதியும். இறுகிய காரையில் பட்டதும் துள்ளித் திரும்பும். அந்தத் துள்ளல் கைக்குத் தெரிந்த பிறகு மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் படுத்து அண்ணாந்து பார்த்தால் உத்தரங்களுக்கு நடுவே சாய்ந்த செங்கல் வரிசைகள் பாய் முடைந்ததுபோல ஓடும். அதைப் பெரும்பாலும் வெள்ளையடித்து மறைத்திருப்பார்கள் என்பது எனக்குக் குறைதான்.

நடுவில் வானம் திறந்த வளவு வாசல். நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் உள்நோக்கி இறங்க, இரண்டு சரிவுகள் கூடும் மூலையில் கூடல்வாய். மழை பெய்தால் நாலு கூடல்வாயிலிருந்தும் நாலு தாரை விழும். அதன் கீழே அண்டா வைத்துப் பிடித்ததுபோக மிச்சம் வாசலின் மூலைத் தூம்பு வழியே தெருக் கால்வாய்க்கும், அங்கிருந்து பல ஊர்களில் ஊரணிக்கும் போகும். வற்றாத ஆறில்லாத வறண்ட பூமி அது. கூரையின் சாய்வு, கல் பாவிய வாசலின் வாட்டம், தெருவின் சரிவு, ஊரணியின் வாய் ஆகிய நான்கையும் சேர்த்து யோசித்தவர்கள் கட்டிய ஊர்கள். ஒரு வீட்டின் அழகை அந்த வீட்டுக்குள்ளேயே தேடினால் முழுசாக அகப்படாது. 2014ல் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றபோதும் தனி வீடுகளாக இல்லாமல் ஊர்த் தொகுதிகளாகவே இடம்பெற்றது. அது சரியான பார்வை.

இந்த வீடுகளைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதை. 1852ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. அந்த வயல்களுக்குக் கடன் கொடுத்த செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கொண்டுவந்த லாபமும் தேக்கும் இந்த வறண்ட சீமையில் வளவுகளாயின. 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்த ஓட்டம் நின்றது. பர்மாவில் ஏராளமான விளைநிலம் வட்டித்தொழில் செய்தவர் கைக்குப் போனதில் அந்நாட்டு விவசாயிகள் பட்ட பாடும் இந்தத் தூண்களின் வரலாற்றில் சேர்ந்ததே. அதை மறந்துவிட்டு ரசிக்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது இந்த வீடுகள் யாருடையவை? நகரத்தாரில் திருமணமான ஒவ்வோர் ஆணின் குடும்பமும் ஒரு புள்ளி. ஒரு பெரிய வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை. தலைமுறை பெருகப் பெருகப் பங்கும் பெருகும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். அறைகள் பூட்டிக் கிடக்க, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எல்லோரும் கூடுவார்கள். ஓட்டை மாற்ற எல்லாப் பங்காளியும் சம்மதித்துப் பணம் போட வேண்டும். “இந்த வருசம் போகட்டும்ப்பா, அடுத்த படைப்புக்குப் பாத்துக்குவோம்” என்று ஒரு அண்ணன் சொன்னால் போதும், கூடல்வாயில் ஓடு விலகிய வீட்டில் தண்ணீர் உத்தரத்தின் முனைக்கு வந்துவிடும். தேக்கின் உடல் நூறாண்டு தாங்கினாலும், சுவருக்குள் புதைந்திருக்கும் முனை நனைந்துகொண்டே இருந்தால் உளுக்கத்தான் செய்யும். கரையானுக்கும் அந்த இடம்தான் பிடிக்கும்.

புது வீடு கட்டுவதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு சென்ட் மனையில் ஒரு குடும்பம் சொந்தமாக, கெட்டியாக ஒதுங்குவதை ஆர்சிசி கான்கிரீட் எளிதாக்கியது. பழைய வளவின் அறைகள் பெட்டியும் பாத்திரமும் வைக்கவே போதுமானவை. காற்றும் வெளிச்சமும் கூடத்துக்குத்தான். பெண்களின் பகல் முழுவதும் இரண்டாங்கட்டிலும் அடுப்படியிலும் கழிந்தது. கழிப்பறை கொல்லைக் கோடியில். முட்டிவலியோடு இருக்கும் ஓர் ஆச்சிக்குப் படுக்கையறையை ஒட்டிய குளியலறை எவ்வளவு பெரிய விடுதலை என்பது அவரைக் கேட்டால் தெரியும். சிமெண்டு இந்த வீடுகளுக்கு முழு அந்நியமும் இல்லை. ஆத்தங்குடிப் பூக்கல் சிமெண்டின் பிள்ளைதானே. கண்ணாடித் தட்டின் மேல் தகட்டு அச்சை வைத்து, ஒவ்வோர் அறைக்குள்ளும் வண்ணச் சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்றி, நடுங்காத கையால் அச்சை நேரே மேலே தூக்குவார்கள். கோடுகள் லேசாக ஒன்றையொன்று தொட்டு நிற்கும். பின்புறம் மணல்சாந்து வைத்து இறுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கல் கண்ணாடியிலிருந்து தானாக விடுபட்டு முகம் காட்டும். சூளை கிடையாது. அந்த முகத்தின் வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. மிச்ச மெருகு வீட்டார் வெறுங்காலால் நடந்து நடந்து கொடுப்பது. இரண்டு பூக்கற்களை ஒட்டிவைத்துப் பார்த்தால் ஒரு இதழ் ஒரு மயிரிழை தடித்திருக்கும். எந்திரம் அடித்த டைல்ஸில் இந்தத் தடிப்பு வராது. எனக்கு அது வேண்டும்.

புது வீட்டில் என் மனத்தாங்கல் வேறு. எம்-சாண்டில் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்த சுவர் முதல் நாளே தன் முழு அழகையும் காட்டிவிடுகிறது. அங்கிருந்து இறக்கம்தான். கறை பட்டால் மேலே இன்னொரு வண்ணம் அடிக்கலாமே தவிரச் சுவரையே தேய்த்து மீட்க முடியாது. இந்தச் சுவருக்கு நடுவே முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து வந்த நிலைக்கதவை நிறுத்தும்போது கதவு நன்றாகத்தான் இருக்கிறது; பக்கத்துச் சுவரிடம் அதற்குச் சமமான வேலை இல்லையே என்றுதான் தோன்றுகிறது. கதவுக்குக் கொடுத்த காசில் ஒரே ஓர் அறையைச் சுண்ணாம்பில் பூசியிருக்கலாம். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

சில வீடுகள் பிழைத்துவிட்டன. கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் செப்பனிட்டு விடுதியாக்கினார்கள். கானாடுகாத்தானில் விசாலம் அப்படித்தான் மூச்சு விடுகிறது. விடுதியாவதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. ஆள் புழங்கும் வீட்டில்தான் ஒழுக்கு அன்றைக்கே கண்ணில் படும். ஆனால் எல்லா வீடும் விடுதியாக முடியாது. பங்காளிகள் சேர்ந்து ஒரு சின்னத் தொகையைப் பொதுவில் போட்டு, ஊரிலேயே இருக்கும் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தாலே பெரும்பாலான வளவுகளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகலாம்.

அப்படிப் பணம் போடுகிறவர்கள் வேலையின் வரிசையையும் பார்த்துக்கொள்ளட்டும். வழக்கமாக முதல் பணம் முகப்புக் கதவின் பாலிஷுக்கும் சுதைப் பொம்மைகளின் வண்ணத்துக்கும் போகிறது, விருந்தாளி கண்ணில் படுவது அவை என்பதால். கதவு காத்திருக்கும், தேக்குக்கு இரண்டு வருடம் எண்ணெய் காட்டாவிட்டால் ஒன்றும் ஆகாது. முதலில் ஓட்டைப் பிரித்து, உடைந்ததைத் தள்ளி, நல்லதைத் திருப்பி மேய வேண்டும். கூடல்வாய்த் தகரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். மச்சில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்து அந்த வெடிப்பில் சுண்ணாம்புக் காரையே வைக்க வேண்டும். வாசல் தூம்பில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அது தெருவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் புரட்டாசிக்குள் முடிந்துவிட்டால் ஐப்பசி அடைமழையை வீடு பார்த்துக்கொள்ளும். கதவுக்குத் தை மாதத்தில் ஆள் வரச் சொல்லலாம்.