குழந்தை என்னும் வாயில்: தமிழில் மறுஇணைவுக் கதைகள்

மணமுறிவு பெற்ற தம்பதியர், அல்லது அதன் விளிம்பில் நிற்பவர்கள், தங்கள் குழந்தையின் வழியாக மீண்டும் சேர்வதைச் சொல்லும் காதல்கதைகள் தமிழ்ப் பொதுவாசிப்பில் தனி வகையாகவே வளர்ந்துள்ளன. முன்பு மாத நாவல்களாகக் கடைகளில் தொங்கின. இன்று பிரதிலிபி போன்ற தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவருகின்றன; தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் செல்பேசியில் படிக்கப்படுகின்றன. எழுதுபவர்களும் படிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். ‘வணிக எழுத்து’ என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இக்கதைகள் தொடும் கேள்வி எளியதல்ல.

இந்த அமைப்பு மேற்கிலிருந்து மட்டும் வந்ததல்ல. சங்க அகப்பாடல்களின் மருதத் திணையில், பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவன் மனைவியின் ஊடலைத் தணிக்க வாயில்களைத் தேடுகிறான். பாணன், தோழி ஆகியோருடன் புதல்வனும் ஒரு வாயில். மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டிற்குள் நுழையும் தலைவன் நமக்குப் பழக்கமானவனே. ஆனால் அப்பாடல்களில் தலைவி பேசுகிறாள். நடந்ததைப் பெயர் சொல்லிக் கேட்கிறாள். கதவு திறக்கிறது என்றால் அவள் பேசி முடித்த பிறகுதான்.

நவீனத் தமிழில் இவ்வகையின் புகழ்பெற்ற இரண்டு கதைகளும் திரைப்படங்கள், இரண்டும் தழுவல்கள். எரிக் கேஸ்ட்னர் 1949இல் எழுதிய ஜெர்மானியச் சிறார் நாவலில், பிரிந்த பெற்றோரிடம் தனித்தனியே வளரும் இரட்டைச் சிறுமியர் இடம் மாறி அவர்களைச் சேர்த்துவைக்கிறார்கள். டிஸ்னி நிறுவனம் 1961இல் அதைப் படமாக்கியது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கி, ஏவிஎம் தயாரித்த ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) அதன் தமிழ் வடிவம். குட்டி பத்மினி இரு வேடங்களில் நடித்தார். 1996இல் வந்த ‘அவ்வை சண்முகி’, 1993ஆம் ஆண்டின் ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ படத்திலிருந்து உருவானது.

தழுவலில் எது மாறியது என்பதே கவனிக்க வேண்டியது. மூலக்கதைகளில் பிரிவுக்குக் காரணம் அந்த இருவர்தான், அவர்களது இயல்புகள்தான். தமிழில் காரணம் ஒரு தலைமுறை மேலே நகர்கிறது. முதல் படத்தில் செல்வச் செருக்குள்ள மாமியார். இரண்டாவதில் பணக்கார மாமனார். வர்க்க ஏற்றத்தாழ்வு உண்மையான காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் குற்றம் முழுவதும் பெரியவர் தலையில் ஏறிவிட்டால், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் மிஞ்சுவதில்லை. பெரியவர் மனம் மாறியதும் குடும்பம் சேர்ந்துவிடுகிறது.

‘மிஸஸ் டவுட்ஃபயர்’ படத்தில் பெற்றோர் சேரவே இல்லை. தந்தைக்குக் குழந்தைகளைத் தினமும் பார்க்கும் உரிமை கிடைக்கிறது, அவ்வளவுதான். தமிழ்ப் படம் அவர்களைச் சேர்த்துவைத்தது. கிரேசி மோகனின் வசனத்தில் நாம் சிரித்துக்கொண்டே இதைக் கவனிக்காமல் கடந்துவிட்டோம்.

நாவலாசிரியைகளில் ரமணிசந்திரன் வகுத்த பாதையில் பிணக்கு பெரும்பாலும் ஒரு தவறான புரிதல். உண்மை தெரிந்ததும் அது கரைந்துவிடும். இன்றைய இணைய நாவல்கள் அதே சட்டகத்தில் குடும்பநல நீதிமன்றத்தைச் சேர்த்திருக்கின்றன. 1976இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 13பி பிரிவின்படி, இருவரும் சம்மதித்து மனுச் செய்த பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தீர்ப்புக்கு முன் ஒருவர் மனம் மாறினாலும் அந்தச் சம்மதம் செல்லாது. காதல்கதைக்கு இதைவிட வசதியான காலக்கெடுவைச் சட்டம் தந்திருக்க முடியாது. (இந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது, நாவல்கள் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.) தீர்ப்பு வந்துவிட்ட தம்பதியர் மறுபடி மணம் செய்துகொண்டால்தான் சட்டப்படி கணவன் மனைவி. தாளைக் கிழித்துப் போடும் கடைசிக் காட்சிக்கு அங்கே பொருளில்லை.

இவற்றின் களம் இப்போது தென்சென்னைப் புறநகர். வேளச்சேரி, குரோம்பேட்டை, தாம்பரம் அடுக்ககங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. தவணையில் வாங்கிய வீடு. மாமியார் ஊரில் இருக்கிறார். பிரிவின் காரணத்தை மேலே ஏற்றுவதற்கு ஆளில்லாத இந்த வீடுகளில்தான் நல்ல கதை பிறக்க வழியுண்டு. சில எழுத்தாளர்கள் அதை உணர்ந்திருக்கிறார்கள்: வீட்டுத் தவணையை யார் கட்டுவது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் விடுப்பு எடுப்பது என்ற சண்டைகள் அவர்கள் பக்கங்களில் உயிரோடு இருக்கின்றன. பிறகு பதினைந்தாவது அத்தியாயத்தில் குழந்தைக்கு விபத்து நேர்கிறது, மருத்துவமனை வராந்தாவில் இருவரும் கைகோக்கிறார்கள், தவணைப் பேச்சு மறந்துபோகிறது.

அந்த விபத்துதான் இவ்வகையின் பெரிய பலவீனம். குழந்தை அங்கே ஒரு மனிதர் அல்ல, கருவி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். தந்தைக்குக் கிடைப்பது குறித்த நாளில் குறித்த சில மணிநேரம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தின் குடும்பநல நீதிமன்றக் கட்டடத்தில், இப்படிப் பெற்றோரைச் சந்திக்கும் குழந்தைகளுக்கென ஓர் இடம் உண்டு. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம்வரை ரயிலில் வந்து, பொம்மைகள் கிடக்கும் அறையில் அப்பாவுடன் இருந்துவிட்டு, அதே ரயிலில் அம்மாவுடன் திரும்பும் ஏழு வயதுப் பிள்ளை அந்தப் பயணத்தில் என்ன நினைக்கும்? இருவரிடமும் எதைச் சொல்லாமல் மறைக்கும்? நான் வாசித்த இவ்வகை நாவல்களில் அந்த ரயில் பெட்டிக்குள் எவரும் இன்னும் ஏறவில்லை.