செவ்வாய் நாவலில் காற்றும் உடைமையும்

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ரைஸ் பரோஸ் இயற்றிய ‘செவ்வாயின் இளவரசி’ என்னும் நாவல் 1912இல் திங்களிதழ் ஒன்றில் தொடர்கதையாக வந்து, 1917இல் நூல்வடிவம் பெற்றது. பதினொரு நூல்கள் கொண்ட ‘பார்சூம்’ வரிசைக்கு இதுவே தலைநூல். செவ்வாயில் வாய்க்கால்கள் உள எனப் பெர்சிவல் லோவெல் என்னும் வானியலறிஞர் 1895 முதல் வெளியிட்ட நூல்கள் அக்காலத்தார் கற்பனையைத் தூண்டியிருந்தன. 1965இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் வாய்க்கால் எதுவும் காணப்படவில்லை. அறிவியல் அடிப்படை தகர்ந்தபின் இந்நாவல் வெறும் வீரக்கதையாகவே எஞ்சும் என்பார் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என ஆராய்தல் தகும்.

தமிழ்ப் பொருளிலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுக்கும். அந்நோக்கிற் காணின், கடல் வற்றிக் காற்றும் அருகிய முதிர்ந்த கோளே இந்நாவலின் முதற்பொருளாகும். அங்கு வாழும் நாற்கைப் பச்சை மாந்தர் முட்டையினின்று பிறப்பவர், தாய்தந்தையரை அறியாதவர், பிறர் துன்பங்கண்டு நகைப்பவர்.

இவ்வன்னெஞ்சுக்குக் காரணம் யாது? நூல் இரு விடைகளைத் தருகின்றது. மடியும் கோளில் ஒவ்வோர் உயிரும் புதுச்சுமையாதலின் இந்நிலை நேர்ந்தது என்பது கதை கூறும் ஜான் கார்ட்டரின் கருத்து. அனைத்தையும் பொதுவில் வைத்தமையே அன்பை அழித்தது என்பது செம்மாந்தர் குலத்து இளவரசி தேஜா தோரிஸின் கருத்து. தாயை அறிந்து வளர்ந்த சோலா என்னும் பச்சைப்பெண் அன்புடையவளாக விளங்குதல் இளவரசியின் கூற்றுக்கு அரண்போலத் தோன்றும்.

ஆயின் கதைநிகழ்ச்சிகள் அக்கூற்றை முற்றும் ஏற்கவில்லை. இல்லமும் தனியுடைமையும் உடைய செம்மாந்தரும் ஓயாது போரிடுகின்றனர். அக்கோளில் அனைவரையும் வாழவைப்பதோ பொதுப்பொருளாகிய காற்றாலை ஒன்றே. அதன் இன்றியமையாமையைப் பகைவரும் உணர்வர். எனவே, சோலாவின் வாழ்க்கை உணர்த்துவது உடைமையின் சிறப்பன்று. உறவின் சிறப்பே என்க. மகவுக்குத் தனியுரிமையுடைய தாய் வேண்டும். காற்றுக்குத் தனியுரிமையாளர் வேண்டா. இளவரசி இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குகின்றாள். கதை அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றது.

நூலிற் குறைகளும் உள. புவியீர்ப்பின் ஐந்தில் இரு பங்கினும் சற்றே குறைந்த ஈர்ப்புடைய கோளில், தலைவனின் ஆற்றல் முயன்று பெற்றதன்று. வந்த இடம் தந்ததே. ஆயினும் முடிவு அக்குறையை ஒருவாறு ஈடுசெய்கின்றது. காற்றாலையின் கதவைத் திறக்கும் மறைபொருள் காவலர் இருவர்க்கே உரியது. ஆலை நின்றபோது உலகமே மூச்சடைக்கின்றது. காவலன் ஒருவன் உள்ளத்தினின்று அம்மறையை முன்னரே அறிந்திருந்த கார்ட்டர் கதவைத் திறக்கின்றான். எனினும், அவ்வுலகம் பிழைத்ததா என அறியாமலே புவிக்கு மீள்கின்றான்.

வாய்க்கால்கள் பொய்யாயின. பொதுப்பொருளின் காவலைச் சிலர்க்கே ஒப்படைத்தலின் கேடு பொய்யாகவில்லை. இந்நாவல் இன்றும் ஆராயத்தக்கது என்பதற்கு இதுவே சான்று.