தோல் தாங்கும் வரி எது?

சுவிட்சர்லாந்து டென்னிஸ் வீரர் ஸ்டான் வாவ்ரிங்கா 2013இல் தன் இடது முன்கையில் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் சில சொற்களைப் பச்சை குத்திக்கொண்டார். 1983இல் வெளிவந்த 'வொர்ஸ்ட்வர்ட் ஹோ' என்ற குறுநூலின் தொடக்கத்தில் வரும், தோல்வி பற்றிய சொற்கள் அவை. அடுத்த ஜனவரியில் நடாலை வீழ்த்தி ஆஸ்திரேலிய ஓபன் கோப்பையை வென்றார். 2015இல் பிரெஞ்சு ஓபன், 2016இல் அமெரிக்க ஓபன். இலக்கிய மேற்கோளை உடலில் ஏற்ற நினைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் வேண்டியதில்லை. ஆனால் கோப்பையைக் கொண்டு வாசிப்பை எடைபோட முடியாது.

விளையாட்டு அரங்கிலும் தொழில்முனைவோர் கூட்டங்களிலும் அந்தச் சொற்கள் 'விழுந்தால் எழு' என்ற அறிவுரையாகப் புழங்குகின்றன. நூலின் போக்கோ நேர் எதிர். அங்கே தோல்வி வெற்றிக்கான படிக்கட்டாக ஓரிடத்திலும் நிற்பதில்லை. இன்னும் மோசமாகத் தோற்பது, குமட்டும்வரை தோற்பது என்று சொற்கள் கீழ்நோக்கியே இறங்குகின்றன. மொழியால் எதையும் சொல்லி முடிக்க முடியாத கையறுநிலையே பெக்கெட்டின் பொருள். கையில் ஏறியது அவர் எழுதியவற்றில் ஊக்கம் தருவதுபோல் தோன்றும் துணுக்கு மட்டும்.

வரியை வெட்டி எடுப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை (192) உலகம் அதன் முதல் வரியால்தான் அறிந்திருக்கிறது. பாடலின் பெரும்பகுதி ஊழைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த முதல் வரியை மற்ற வரிகள் மறுப்பதில்லை. அதற்குக் காரணம் சொல்கின்றன. வெட்டலாமா என்பதைவிட, வெட்டிய துண்டை மூலநூல் ஏற்குமா என்பதே சரியான கேள்வி.

இந்த அளவுகோலில் பலரும் விரும்பிக் குத்திக்கொள்ளும் கர்ட் வானகட் வரி ஒன்று தோற்றுப்போகிறது. 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' (1969) நாவலில் அது ஒரு கல்லறைக் கல்லின் படத்துக்குள் வருகிறது. வாழ்க்கை வலியே இல்லாமல் அழகாகக் கழிந்தது என்ற தொனி. அது தனக்குப் பொருந்தும் என்று எண்ணுபவன் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அங்கிருந்து உயிர்பிழைத்தவன். கல்லறையையும் டிரெஸ்டனையும் நீக்கிவிட்டால் எள்ளல் உதிர்ந்து, வாழ்த்து அட்டை வாசகம்தான் மிஞ்சும்.

சில்வியா பிளாத் தேறுகிறார். 'தி பெல் ஜார்' நாவலில் நாயகி தன் இதயத் துடிப்பைச் சொற்களாகக் கேட்கும் இடம், பெண்கள் பலர் பச்சை குத்திக்கொள்வது. அந்தச் சொற்கள் ஒலிப்பது சாவின் அருகில்: முதலில் அவளே உயிரை விட முயலும்போது, பிறகு தோழியின் இறுதிச் சடங்கில். 1963 ஜனவரியில் நாவல் வெளியானது. மறுமாதமே பிளாத் தற்கொலை செய்துகொண்டார். இவ்வளவையும் அறிந்த பிறகும் அந்த வரி பொய்க்கவில்லை. சாவோடு மல்லுக்கட்டும் உயிரின் பிடிவாதம் அதற்குள்ளேயே இருக்கிறது.

தோலுக்கென்றே எழுதப்பட்ட படைப்பும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஷெல்லி ஜாக்சன் 2003இல் தொடங்கிய 'ஸ்கின்' 2,095 சொற்கள் கொண்ட கதை. பங்கேற்பவர் ஒருவரின் தோலில் ஒரு சொல். எந்தச் சொல் என்பதை அவர் தேர்ந்தெடுக்க முடியாது. முழுக் கதையும் பங்கேற்றவர்களுக்கு மட்டுமே. அவர்கள் இறக்க இறக்கக் கதையும் குறையும். துணுக்காக இருப்பதே இங்கு படைப்பின் இயல்பு என்பதால் வெட்டிய குறை எழுவதில்லை.

உடலுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. மேல்தோலுக்கு அடியிலுள்ள அடுக்கில் தங்கும் மை, ஆண்டுகள் போகப் போக மெல்லப் பரவும். சிறிய எழுத்துகளின் உள்வெளி அடைபடும். சுழிகள் மிகுந்த தமிழ் எழுத்துக்கு இந்த ஆபத்து அதிகம். நீண்ட வாக்கியத்தைச் சிறிய இடத்தில் திணிப்பவர், பின்னாளில் அதைப் படிக்கவும் முடியாமல் போகலாம்.

ஆக, வாவ்ரிங்காவின் கையிலுள்ள வரி தாயத்தாக வென்றது; வாசிப்பாகத் தோற்றது. தாயத்து வேண்டுபவருக்கு அது போதும், அதில் குற்றமும் இல்லை. நூலின் மீதுள்ள காதலைக் காட்ட விரும்புகிறவருக்கு அது போதாது. அவர் ஊசிக்குக் கை நீட்டும் முன் அந்த வரிக்கு அடுத்த பக்கத்தையும் படிக்கட்டும். அதற்குப் பிறகும் வரி நிற்குமானால் குத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் புத்தகமே போதும்.