ஸரீஃபின் ராஜதந்திரம்: ஒரு மதிப்பீடு

ஒரு ராஜதந்திரியின் திறமையை, அவர் கையொப்பமிட்ட உடன்படிக்கை எத்தனை ஆண்டு நிலைத்தது என்ற ஒன்றைக் கொண்டே அளப்பது நியாயமன்று. ஆயினும், அந்த அளவுகோலை அறவே ஒதுக்கிவிட்டு அவரைப் புகழ்வதும் நேர்மையாகாது. 2013 முதல் 2021 வரை ஈரானின் வெளியுறவு மந்திரியாக விளங்கிய முகமது ஜவாத் ஸரீஃபின் பொதுவாழ்வை எடைபோட முற்படுவோர் இவ்விரண்டையும் மனத்திற் கொள்ளவேண்டும்.

அமெரிக்காவிலேயே கல்வி பயின்று டாக்டர் பட்டம் பெற்ற அவர், எதிர்த்தரப்பாரின் பாஷையோடு அவர்களுடைய சிந்தனை செல்லும் போக்கையும் அறிந்திருந்தார். 2001ஆம் ஆண்டின் இறுதியில், ஆப்கானிஸ்தானத்தின் இடைக்கால அரசை அமைப்பதற்காகப் பான் நகரில் கூடிய மகாநாடு, மந்திரி பதவிகளின் பங்கீட்டால் முறிந்துபோகும் தறுவாயில் இருந்தபோது, பிடிவாதம் காட்டிய வடக்குக் கூட்டணியின் பிரதிநிதியைத் தனியே அழைத்துச் சென்று அவர் காதோடு பேசிய சில வார்த்தைகளால் முட்டுக்கட்டை நீங்கிற்று என்று, அமெரிக்கப் பிரதிநிதியாக அங்கிருந்த டாபின்ஸே எழுதியிருக்கிறார். அந்தப் பொறுமைதான், முதுகுவலியால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி 2013இல் அணுப் பேச்சுவார்த்தைக்காக ஜெனீவாவுக்கு வந்தவரை, 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் வல்லரசுகளுடன் அணு உடன்படிக்கை நிறைவேறும் வரை கொண்டு சேர்த்தது. யுரேனியச் செறிவு 3.67 சதவீதத்துக்கு மிகாது, கையிருப்பு 300 கிலோவைத் தாண்டாது, ஏறக்குறைய 19,000 சுழலிகள் 6,104 ஆகக் குறையும் என்றெல்லாம் ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்த அந்தப் பத்திரம், யுத்தமின்றியே ஒரு பெரும் பகையைத் தணிக்கக்கூடும் என்பதற்குச் சாட்சியாயிற்று.

குறையும் அந்தப் பத்திரத்தினுள்ளேயே இருந்தது. ஈரான் வாக்குத் தவறியதாக ஓர் அரசு புகார் செய்தால், தடைநீக்கம் தொடரவேண்டுமென ஐ.நா. பாதுகாப்புச் சபை முப்பது நாட்களுக்குள் தீர்மானித்தாலன்றி, உடன்படிக்கையால் நீங்கிய பழைய தடைகள் தாமாகவே உயிர்பெறும் என்று அது விதித்திருந்தது. ஆகவே சபையின் நிரந்தர உறுப்பினர்க்குரிய ரத்து அதிகாரம் தடையைத் தடுப்பதற்கன்றி, அதை மீட்பதற்கே உதவிற்று. 2018 மே மாதம் அமெரிக்கா விலகியபோதோ, ஈரானுக்கு எஞ்சிய பரிகாரம் தன் கடமைகளைத் தானும் படிப்படியாகக் கைவிடுவது ஒன்றுதான். அப்பரிகாரத்தைக் கையாண்டதே குற்றமாகக் கொள்ளப்பட்டு, ரஷ்யாவும் சீனாவும் எதிர்த்தும், 2025 செப்டம்பரில் தடைகள் திரும்பின.

சொந்த நாட்டிலும் அவருடைய கால் ஊன்றவில்லை. ஜெனீவாத் தெருவில் அமெரிக்க மந்திரி கெர்ரியுடன் சிறிது தூரம் நடந்ததற்காக 2015இல் கண்டிக்கப்பட்டார். போர்க்களமே ராஜதந்திரத்தை ஆட்டிவைத்தது என்று அவர் மனம் நொந்து பேசிய குரற்பதிவு 2021இல் வெளிப்பட்டது. தம் வாக்கைக் காக்கும் அதிகாரம் தம்மிடம் இல்லை என்பதை உணர்ந்தே வாக்களித்தார் என்பது அவர்மீது சாரும் கனத்த பழி. எனினும், சந்தேகிக்கப்பட்டவனின் தவறுக்கு மட்டும் தண்டனை விதித்து, சந்தேகித்தவனின் தவறுக்குப் பரிகாரம் காணாத ஓர் ஏற்பாட்டில், எத்தகைய மேதையின் எழுத்தும் நிலைத்திருக்க முடியாது என்பதையே அவருடைய வெற்றியும் தோல்வியும் சேர்ந்து நமக்குப் போதிக்கின்றன.