பௌர்ணமிக்குத் திறக்கும் காடு

"இது காட்டுப் பாதை இல்ல தம்பி, கடைத்தெரு." ஏழுமலையானைத் தரிசிக்க மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், திருமலைக்கு ஏறும் அலிபிரிப் படிகளில் காலிகோபுரம் தாண்டியதும் என்னிடம் சொன்னது இது. "காட்டுக்குள்ள நடக்கிறதெண்டா என்னெண்டு பார்க்க, உகந்தைக்கு ஒருக்கா வாங்க" என்று அழைக்கவும் செய்தார். ஆண்டுதோறும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர் அவர். நான் திருப்பதியில் பிறந்து வளர்ந்தவன். வயதுக்கு மரியாதை கொடுத்து அப்போது பேசாமல் நடந்தேன். ஆனால் அந்தச் சொல்லைப் பதிலின்றி விட மனம் வரவில்லை.

முதலில் அவர் பக்கத்து நியாயம். அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில், கடற்கரையோரம், உகந்தை முருகன் கோயில். அதை ஒட்டித் தொடங்குகிறது குமண தேசியப் பூங்கா. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்கில் நடந்து வருகிறவர்களும், வழியில் சேர்ந்துகொள்கிறவர்களும் அங்கே கூடுகிறார்கள். கதிர்காமத் திருவிழாவை ஒட்டி, ஜூன் ஜூலை மாதங்களில் ஏறக்குறைய இரண்டு வாரம் மட்டும் நடைப்பயணிகளுக்குக் காட்டுவாசல் திறக்கும். அவர் விவரித்தபடி, கும்புக்கன் ஆற்றைக் கடந்து யால காட்டுக்குள் இறங்கி, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கி நான்கைந்து நாள் நடந்தால் கதிர்காமம். அரிசியும் பாத்திரமும் தலைச்சுமை. தண்ணீர்தான் பெரிய கவலை, சில இடங்களில் தாங்கி வைத்து ஊற்றுகிறார்கள். வாசல் மூடிவிட்டால் அடுத்த ஆண்டுதான். மற்ற நாளெல்லாம் காடு யானைக்கும் கரடிக்கும் சிறுத்தைக்கும்.

நல்ல ஏற்பாடு, மனதாரச் சொல்கிறேன். அங்கே வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் வாசலைத் திறக்கிறது. இங்கே வனத்துறை ஒரு பக்கம், திருமலை திருப்பதி தேவஸ்தானம் மறுபக்கம். தேவஸ்தானத்துக்கென்றே தனி வனப்பிரிவும் உண்டு. அவர்கள் 'காட்டுப்பாதை' என்பதை நாங்கள் 'நடைபாதை' என்கிறோம். இந்தப் பெயர்களைக் கேட்டால் எங்கள் பக்கம் காடே இல்லாதது போலத் தோன்றலாம். அப்படி நினைத்தால் அது பெரும் பிழை.

திருமலையைச் சுற்றி இருப்பது ஸ்ரீவேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. 1989இல் அறிவிக்கப்பட்டது, ஏறத்தாழ 353 சதுர கிலோமீட்டர். அதையும் உள்ளடக்கி 4,756 சதுர கிலோமீட்டர் பரப்பை 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரம் இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் சொத்து. சைக்கஸ் பெடோமி என்ற பழம்பெரும் தாவர இனமும் இந்தக் குன்றுகளுக்கே உரியது. பாறை இடுக்கில் தங்கப் பல்லி, மரத்தில் தேவாங்கு, பள்ளத்தாக்கில் செந்நாய், கரடி, சிறுத்தை எல்லாம் இங்கே உண்டு. இத்தனைக்கும் நடுவே ஒரு கோயில் நகரம். சாதாரண நாளிலேயே அறுபதாயிரம் பேருக்கு மேல் தரிசனம் செய்கிறார்கள். 1944இல் முதல் மலைச்சாலை வந்தபின் வாகனங்கள் ஏறத் தொடங்கின. இருந்தும் அலிபிரியின் 3,550 படிகளிலும் ஸ்ரீவாரி மெட்டின் 2,388 படிகளிலும் கால்நடையாக ஏறுகிறவர்கள் குறையவில்லை.

குமணவின் அமைதியைப் புகழும்போது இன்னொன்றையும் நினைக்க வேண்டும். போர்க்காலத்தில் அந்தப் பூங்கா 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. அந்த ஓய்வு எந்தத் திட்டத்திலும் எழுதப்பட்டதல்ல, மக்கள் பெரும் விலை கொடுத்த ஆண்டுகள் அவை. எங்கள் மலைக்கு அப்படி ஆண்டுக்கணக்கில் ஆளில்லாத காலம் வாய்த்ததில்லை. தினமும் இத்தனை கால்கள் மிதித்தும் படிக்கட்டிலிருந்து சிறிது விலகினால் செம்மரமும் சிறுத்தையும் இருக்கின்றன என்றால், இந்தக் காட்டைக் காத்தவர்களுக்கு அதில் பெருமை உண்டு.

ஆனால் பெருமை பேசி முடிக்கக்கூடிய காலத்தில் நாங்கள் இல்லை. 2023 ஜூனில் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்வியது, அவன் பிழைத்தான். ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பிழைக்கவில்லை. அந்த வாரம் திருப்பதி வீடுகளில் வேறு பேச்சே இல்லை. கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். பிற்பகல் 2 மணிக்குப் பிறகு சிறுவர்களைப் படியேற விடுவதில்லை என்றார்கள். பக்தர்கள் கையில் தடி கொடுத்தார்கள். இருபுறமும் வேலி போடலாமா என்ற பேச்சும் எழுந்தது. தடி கொடுத்ததைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது கேலிக்குரியதாகத் தெரியவில்லை. கூட்டமாகப் போ, ஓசை எழுப்பு, கையில் ஒன்றை வைத்திரு என்பதுதான் காட்டில் நடப்பவர்களின் பழைய பாடம்.

சிறுத்தை ஏன் படிக்கு வருகிறது என்பதற்கு விடை படியிலேயே கிடக்கிறது. வழியெங்கும் தின்பண்டம், பழத்தோல், எச்சில் இலை. குரங்குக்கும் மானுக்கும் கையில் இருப்பதைக் கொடுத்துப் புண்ணியம் தேடுகிறோம். அவை பாதையோரமே பழகிவிடுகின்றன, அவற்றைத் தேடிச் சிறுத்தை வருகிறது. விலங்குகளுக்கு உணவு போடக் கூடாது என்று தேவஸ்தானம் அறிவித்தது இதனால்தான். 2022 ஜூன் முதல் நாளிலிருந்து மலையில் பிளாஸ்டிக்குக்கு முழுத் தடையும் உண்டு. அலிபிரிச் சோதனைச் சாவடியிலேயே பையைத் திறந்து பார்க்கிறார்கள். லட்சம் பேர் வரும் இடத்தில் இப்படி ஒரு விதியை நடத்திக் காட்டுவது எளிதல்ல.

இலங்கையிலும் நெரிசல் இல்லாமல் இல்லை. யாலவின் முதல் வலயத்தில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் வரிசை கட்டி நிற்பது அந்நாட்டு இயற்கை ஆர்வலர்களே வருந்தும் காட்சி. பாதயாத்திரைக் காட்டிலும் பிளாஸ்டிக் போத்தல்கள் சேர்வதாகப் பெரியவரே சொன்னார். ஆயினும் அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வறட்சி உச்சத்தில், வழக்கமாக செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுவரை, அந்த வலயத்தை மூடிவிடுகிறார்கள். வருமானம் போனாலும் மூடுகிறார்கள். இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இந்த வழக்கத்தை நாங்கள் கடல் கடந்து போய்க் கற்க வேண்டியதில்லை என்பதே என் வாதம். திருமலைக்குள்ளேயே அது இருக்கிறது. தைப் பௌர்ணமியில் ராமகிருஷ்ண தீர்த்தம், மாசிப் பௌர்ணமியில் குமாரதாரை, பங்குனி உத்திரப் பௌர்ணமியில் தும்புரு தீர்த்தம். மூன்றும் அடர்ந்த காட்டுக்குள் இருப்பவை. முக்கோடி என்று அழைக்கப்படும் அந்த நாட்களை ஒட்டித்தான் பக்தர்கள் அங்கே திரளாகப் போகிறார்கள். பாபவிநாசம் பக்கத்திலிருந்து பாறையும் ஓடையுமாக நடை. இதய நோயாளிகளும் மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களும் வர வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். பொங்கலும் மோரும் கொடுத்து, மாலைக்குள் எல்லோரையும் திருப்பி அனுப்புவார்கள். மறுநாளிலிருந்து சுனை காட்டு உயிர்களுக்கு. உகந்தை வாசலின் நியாயமும் இதுவேதான்.

தலகோனா இன்னொரு வழியைக் காட்டுகிறது. ஆந்திரத்தின் மிக உயரமான அருவி அது, 270 அடி. பூங்காவுக்குள்ளேயே இருந்தும், வன சம்ரக்ஷண சமிதி வழியாக அந்தப் பக்கத்துக் கிராமத்தாரே சுற்றுலாவைக் கவனிக்கிறார்கள். காட்டால் பிழைப்பவன் காட்டைக் காப்பான் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

அடுத்தது சித்தூர்ப் பக்கத்து யானைகளின் கதை. பல தலைமுறைகளாக இங்கே யானை இருந்ததில்லை. 1980களில் தமிழகம், கர்நாடகம் பக்கமிருந்து குப்பம், பலமநேர் காடுகளுக்குள் மந்தைகள் வந்தன. 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. வேங்கடத்தைப் பாடும் சங்கப் புலவர்கள் அங்கே யானையையும் பாடியிருக்கிறார்கள். வந்தவை அந்நியமானவை அல்ல, ஊர் திரும்பியவை என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் 2025 பிப்ரவரியில், அன்னமய்யா மாவட்டத்துக் குண்டாலகோனா காட்டில், சிவராத்திரிக்கு நடந்துபோன பக்தர்கள் மூவரை யானைகள் கொன்றன. நாள் குறித்து, வழி குறித்து, காவலோடு அழைத்துப்போவது பக்தியைத் தடுப்பதல்ல, பக்தனைக் காப்பது என்பதை அந்தச் சாவுகள் சொல்லிவிட்டன.

பழைய சித்தூர் மாவட்டத் தமிழர்களான எங்களுக்கு இந்த மலை மேல் பாசம் கொஞ்சம் கூடுதல்தான். தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறு நல்லுலகுக்கு வடக்கு எல்லையாகச் சொன்ன வேங்கடம் இது. 1960இல் திருத்தணி தமிழகத்தின் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரத்தின் பக்கம் இருந்தோம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு. மட்டக்களப்புப் பெரியவரும் தமிழில் வேலனைக் கூப்பிட்டபடி, சிங்களத்தில் பெயர்ப்பலகை எழுதிய காட்டுக்குள் நடக்கிறவர். இருவருக்குமே காட்டை ஆளும் அதிகாரம் இல்லை, நடக்கும் உரிமை மட்டும் உண்டு. அந்த உரிமை நிலைக்க வேண்டுமானால் காடு நிலைக்க வேண்டும்.

ஆகவே தீர்த்தங்களுக்கு இருக்கும் நாட்காட்டி படிகளுக்கும் வேண்டும். கோடையில் சுனை வற்றும் மாதங்களில் ஸ்ரீவாரி மெட்டை மாதம் ஒரு நாளாவது மூடலாம். காலிகோபுரத்துக்கு மேலே காடு அடரும் பகுதியில் தின்பண்டக் கடைகளைக் குறைக்கலாம். வேலி போடும் முன் இவற்றைச் செய்து பார்க்க வேண்டும். வேலி விலங்கின் வழியை என்றைக்குமாக அடைக்கும், நாட்காட்டி மனிதனைச் சில நாள் மட்டுமே காக்க வைக்கும். கோவிந்தா என்று சொல்லிப் படியேறும் உரிமையும், கோவிந்தனின் காட்டுக்கு ஓய்வு கேட்கும் கடமையும் ஒரே பக்தனுக்குத்தான். வெளியூர்க்காரர் சொல்லித்தான் இதைக் கேட்க வேண்டும் என்ற நிலை திருப்பதிக்காரர்களுக்கு வேண்டாம். தேவஸ்தானத்திடமும் வனத்துறையிடமும் நாமே முதலில் கேட்போம்.