தளபதியின் நாட்குறிப்பும் துறைமுகத்தின் வரலாறும்

போர்க்காலத் தலைவர்கள் ஓய்வுபெற்றபின் எழுதும் தன்வரலாறுகள் பெரும்பாலும் தம் செயலை நியாயப்படுத்தும் நோக்குடையன. அன்றன்று எழுதப்பெறும் நாட்குறிப்போ நாளை நிகழவிருப்பதை அறியாது எழுதப்படுவது. ஆதலின் வரலாற்றாசிரியர் அதனை உயர்ந்த சான்றாகப் போற்றுவர். எனினும், அஃது எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று என்பது ஆராயத்தக்கது.

லெப்டினன்ட் ஜெனரல் சேர் ஹென்றி பவுனால் (1887–1961) எழுதிய நாட்குறிப்புக்கள் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றவை. பிரான்சு சென்ற பிரித்தானியப் படையில் 1939–40 இல் தளபதிக்கு அடுத்திருந்து திட்டம் வகுத்த தலைமை அலுவலர் அவர். 1942 தொடக்கத்தில் யாவாவில் ஜெனரல் வேவலுக்கு அப்பணியையே ஆற்றினார். சிங்கப்பூர் வீழ்ந்தபின், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கைத் தரைப்படைத் தளபதியானார். ஆயினும் இலங்கையின் முழு அதிகாரமும் அட்மிரல் லேட்டன் கையிலேயே இருந்தது. 1943 இல் மவுண்ட்பேற்றனின் தலைமை அலுவலரானார். போருக்குப்பின் சேர்ச்சில் எழுதிய போர் வரலாற்றுக்கும் துணைபுரிந்தார்.

பிரையன் பொண்ட் பதிப்பித்த இந்நாட்குறிப்புக்கள் 1972 இலும் 1974 இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தன. தலைமை அலுவலர் என்னும் பொருள்படவே நூலுக்குப் பெயரிட்டமை பொருத்தமானதே. அதிகாரத்தின் அருகிருந்து அதன் தயக்கங்களைக் கண்டவரின் பதிவு இது. அதுவே இதன் வலிமை, அதுவே இதன் எல்லையுமாம்.

1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருக்கோணமலையைத் தாக்கின. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்று எரிந்தழிந்தது. முன்னிரவே துறைமுகத்தை விட்டகன்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது; முந்நூற்றுவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீவு முழுவதன் காவலையும் மேலிருந்து நோக்கிய தளபதிக்குத் துறைமுகம் காக்கவேண்டிய ஓர் அரண். கடலை நம்பிய வலைஞர்க்கும் கப்பற்றுறைத் தொழிலாளர்க்கும் அதுவே வாழ்விடம். இவ்விரு பார்வைகளும் ஒன்றாகா.

புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1736 முதல் 1761 வரை நீண்ட அப்பதிவும் அதிகாரத்தின் அருகிருந்தவர் எழுதியதே. எனினும், கப்பல் வரவு, வணிகம், ஊர்ப்பேச்சு, மாந்தர் அச்சம் யாவும் அதன்கண் இடம்பெற்றன. எழுதியவர் அவ்வூரின் வாழ்வோடு பிணைந்திருந்தமையே அதற்குக் காரணம். வந்துபோன படைத்தலைவரிடம் அதனை எதிர்பார்ப்பது முறையன்று.

ஆகவே, பவுனாலின் ஏடுகள் கூறாதவற்றை அவர்மீது குறையாகச் சாற்றுதல் பொருந்தாது. அக்குறையை நிறைக்கும் கடமை இம்மாவட்டத்தார்க்கே உரியது. இறந்த போர்வீரர்க்கு நிலாவெளி வீதியில் கல்லறைகள் உள. அவற்றிற் பெயர்களும் உள. குண்டுக்கு அஞ்சி ஊர்விட்டுச் சென்ற குடும்பங்களுக்கு அத்தகைய குறிப்பு யாது? கடிதம், பள்ளி வரவேடு, கோயிற் கணக்கு, மூத்தோர் வாய்மொழி ஆகியவற்றைத் தேடித் தொகுத்தல் வேண்டும். அப்போரைக் கண்டோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். தளபதியின் ஏட்டுக்குப் பதிப்பாசிரியர் கிடைத்தார். துறைமுகத்தின் ஏடு இன்னும் எழுதப்படவேண்டியதாகவே உள்ளது.